சுவிட்சர்லாந்து வெறும் போஸ்ட்கார்டு நாடுதானா?

"ஜெர்மனியில் இருக்கிறீர்கள், அங்கேயே ஆல்ப்ஸ் மலை இருக்கிறது. அப்புறம் ஏன் லீவு கிடைத்தால் சுவிட்சர்லாந்துக்கே ஓடுகிறீர்கள்? சினிமாப் பாட்டில் பார்த்த புல்வெளியையும் பனியையும் தாண்டி அங்கே என்ன இருக்கிறது? ஒரு காபிக்கு ஐந்து பிராங்க் கொடுத்துவிட்டு உருகி உருகி எழுதுகிறீர்களே! சரி, மூன்று நாள் கிடைத்தால் எங்கே போகலாம் என்றாவது சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். கிண்டலோடு கேட்டதுதான். ஆனால் கிண்டலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உள்ளே நியாயமான ஒரு சந்தேகம் இருக்கிறது. அழகான இடத்தைப் பார்த்து மயங்குவது வேறு, ஒரு நாட்டின் மேல் பிரியம் வைப்பது வேறு, இந்த ஆளுக்கு வந்திருப்பது எது என்பதுதான் நீங்கள் கேட்க நினைத்தது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். தென்மேற்கு ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் நகரில் குடியிருக்கிறேன். ரயில்களுக்குக் கால அட்டவணை போடுவது தொழில். எந்த வண்டி எந்த நிமிடம் எந்த நடைமேடையில் நிற்க வேண்டும், ஒன்று தாமதமானால் அதன் பின்னால் எத்தனை வண்டிகள் மாட்டிக்கொள்ளும் என்று கணக்குப் போடும் வேலை. வீட்டிலிருந்து சுவிஸ் எல்லை முக்கால் மணி நேரம். அதனால் ரயில், பஸ் பற்றிச் சொல்வதைத் தொழில் தெரிந்தவன் பேச்சாக எடுத்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் அடிக்கடி போய் வரும் ஒரு வெளியூர்க்காரன் பார்த்தது, படித்தது. அங்கே நான் வரி கட்டியதில்லை, வாடகை வீடு தேடி அலைந்ததில்லை, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்ததில்லை. அங்கேயே குடியிருப்பவர்கள் வேறு கதை சொன்னால் அவர்கள் சொல்வதையே நம்புங்கள்.

எல்லையே ஒரு வேடிக்கை. பாசல் நகரில் உள்ள பாடிஷர் பான்ஹோஃப் என்ற ரயில் நிலையம் நிற்பது சுவிஸ் மண்ணில், நடத்துவது ஜெர்மன் ரயில்வே. அப்போதைய பாடன் அரசும் சுவிட்சர்லாந்தும் 1852ல் போட்ட ஒப்பந்தத்திலிருந்து வந்த ஏற்பாடு அது. பாசலின் 8ஆம் எண் டிராம் 2014 முதல் எல்லை தாண்டி வைல் அம் ரைன் என்ற ஜெர்மன் ஊர் வரை ஓடுகிறது. சனிக்கிழமை அதில் ஏறினால், மளிகை வாங்க ஜெர்மனிப் பக்கம் வரும் சுவிஸ்காரர்கள் பைகளும், வரியைத் திரும்ப வாங்கும் சீட்டுமாக நிற்பார்கள். அவர்கள் மலிவுக்காக எங்கள் பக்கம் வருகிறார்கள், நாங்கள் மலைக்காக அவர்கள் பக்கம் போகிறோம். விலை பற்றிய உங்கள் புகாரை முதலில் ஒத்துக்கொள்பவர்கள் சுவிஸ்காரர்கள்தான்.

என் பிரியம் மலையைப் பார்த்து வந்ததில்லை, கால அட்டவணையைப் பார்த்து வந்தது. சிரிக்காதீர்கள். 1982 மே மாதம் சுவிஸ் ரயில்வே நாடு முழுக்க ஒரு முறையைக் கொண்டுவந்தது. முக்கியமான தடங்களில் மணிக்கு ஒரு ரயில், ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில். அட்டவணைப் புத்தகமே தேவையில்லை, ஒரு நிமிடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். அதன் அடுத்த கட்டமாக 'ரயில் 2000' என்ற திட்டத்தை 1987 டிசம்பரில் மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டார்கள், ஜெயித்தது. பக்கத்து நாடான பிரான்ஸ் அதிவேக ரயிலில் சாதனை மேல் சாதனை செய்துகொண்டிருந்த காலம். சுவிஸ்காரர்கள் வேகத்தைத் துரத்தவில்லை. தேவையான அளவு வேகம் போதும் என்று முடிவெடுத்தார்கள். தேவையான அளவு எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். சூரிச், பெர்ன், பாசல் போன்ற பெரிய சந்திப்புகளுக்கு இடையே பயண நேரம் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் என்று கேட்டால் விஷயம் இதுதான். மணி அடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது எல்லாத் திசை ரயில்களும் நிலையத்துக்குள் வந்துவிடுகின்றன. அடித்துச் சில நிமிடத்தில் எல்லாம் கிளம்புகின்றன. நடுவில் உள்ள அந்தக் கொஞ்ச நேரத்தில் யாரும் எதிலிருந்து இறங்கி எதிலும் ஏறிக்கொள்ளலாம். இரண்டு நகரங்களுக்கு இடையே 70 நிமிடம் பிடித்தால், போய்ச் சேரும்போது எல்லா வண்டியும் போயிருக்கும், பயணி முக்கால் மணிக்கு மேல் உட்கார வேண்டும். 56 நிமிடம் பிடித்தால் எல்லாமே கிடைக்கும். கோடி கோடியாகக் கொட்டி அதை 40 நிமிடம் ஆக்கினாலும் லாபமில்லை, நடைமேடையில் நின்று கொட்டாவி விடலாம். அதனால் மட்ஸ்டெட்டன், ரோத்ரிஸ்ட் ஊர்களுக்கு இடையே 45 கிலோமீட்டர் புதுப் பாதை மட்டும் போட்டார்கள். 2004 டிசம்பரில் அது திறந்தபோது சூரிச்சிலிருந்து பெர்ன் போக 56 நிமிடம் ஆனது. முதலில் அட்டவணை, பிறகு அதற்கேற்ற தண்டவாளம். உலகத்தில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. அரசியல்வாதி ஒருவர் பாதையை அறிவிப்பார், கட்டி முடித்த பிறகு அதில் எந்த வண்டியை எப்படி ஓட்டுவது என்று எங்களைப் போன்றவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வோம். ஜெர்மனியும் இப்போது 'டாய்ச்லான்ட் டாக்ட்' என்ற பெயரில் இந்த முறையை நோக்கி மெதுவாக நகர்கிறது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி பெரிய நகரங்களில் இல்லை, சங்கிலியின் மறுநுனியில் இருக்கிறது. கிழக்கு மூலையில், இத்தாலி எல்லையை ஒட்டி, வால் மூஸ்டாய்ர் என்று ஒரு பள்ளத்தாக்கு. மொத்தமே ஏறத்தாழ 1,500 பேர். மூஸ்டாய்ரில் உள்ள மடாலயத்தில் ஆயிரம் வருடத்துக்கு மேல் பழைய சுவரோவியங்கள் உண்டு, யுனெஸ்கோ 1983லேயே பட்டியலில் சேர்த்துவிட்டது. அங்கே போக எங்காடின் பகுதியில் ட்சேர்னெட்ஸ் நிலையத்தில் சிவப்பு ரயிலை விட்டு இறங்கி, தபால் துறை ஓட்டும் மஞ்சள் பஸ்ஸில் ஏற வேண்டும். தேசியப் பூங்காக் காடு வழியாக, 2,149 மீட்டர் உயரத்தில் ஓஃபன் கணவாயைக் கடந்து பஸ் போகிறது, குளிர்காலத்திலும். நான் முதல்முறை போனபோது பனி கொட்டியது, ரயில் சில நிமிடம் தாமதம். தொழில் புத்தி சும்மா இருக்குமா? இணைப்பு போச்சு, இனி அடுத்த பஸ்தான் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இறங்கினேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் வெளியே நின்று பெட்டிகளை வாங்கி அடுக்கினார். ரயில் தாமதம் என்ற தகவல் அவருக்கு முன்பே வந்திருந்தது. கூட ஏறிய ஒரு பாட்டி சூரிச்சில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர். நான் ஆச்சரியப்பட்டதைப் பார்த்து அவர்தான் ஆச்சரியப்பட்டார். பஸ் நிற்காமல் வேறு என்ன செய்யும் என்பது போல ஒரு பார்வை.

அந்தப் பள்ளத்தாக்கில் பேசுவது ரோமன்ஷ். லத்தீனிலிருந்து வந்த மொழி, பேசுவோர் ஏறத்தாழ 60,000 பேர். 1938 பிப்ரவரியில் அதை நாட்டின் நான்காவது தேசிய மொழி ஆக்க வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆமாம் என்றார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. ரோமன்ஷ் தனி மொழியே இல்லை, இத்தாலியனின் வட்டார வழக்குதான் என்று முசோலினி காலத்து இத்தாலி சொல்லிக்கொண்டிருந்த நேரம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதாவது அன்பு மட்டும் காரணம் ஆகாது, பயமும் இருந்தது. மொழிக்குள்ளேயே சண்டையும் உண்டு. எழுத்தில் புழங்கும் ஐந்து வட்டார வழக்குகளுக்கும் பொதுவாக 1982ல் ஒரு எழுத்து நடையை உருவாக்கினார்கள். சில ஊர்ப் பள்ளிகள் அதை ஏற்று, பிறகு பெற்றோர் எதிர்த்து, தங்கள் வழக்குக்கே திரும்பின. மொழி விஷயத்தில் தமிழனுக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றாது.

இப்போது உங்கள் புல்வெளிக்கு வருகிறேன். சுவிஸ் என்றால் எங்கும் பச்சை, எங்கும் தண்ணீர் என்று நினைக்கிறோம். தெற்கே வாலிஸ் மாநிலத்தில் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வறண்ட பூமி. இரண்டு பக்கமும் உயர்ந்த மலைத்தொடர்கள் மழையைத் தடுத்துவிடுகின்றன. நடுப்பகுதியில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் அளவில்தான் பெய்யும். தஞ்சாவூரில் இதைவிட அதிகம்! அதனால் அங்குள்ள விவசாயிகள் இடைக்காலம் தொட்டே மேலே பனிப்பாறை உருகும் ஓடைகளிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கீழே வயலுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் கொண்டுவந்தார்கள். ஜெர்மன் பேசும் பக்கம் சுவோனன் என்பார்கள், பிரெஞ்சு பேசும் பக்கம் பீஸ். வழியில் செங்குத்துப் பாறை வந்தால் மரத்தில் தொட்டி செய்து பாறையில் தொங்கவிட்டு அதற்குள் தண்ணீரை ஓட்டினார்கள். அந்த வேலையில் விழுந்து செத்தவர்கள் உண்டு.

அவுசர்பெர்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு வாய்க்கால் ஓரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். தண்ணீர் மெதுவாக ஓட வேண்டும் என்று வாட்டம் மிகக் குறைவாக வைத்திருப்பார்கள். அதனால் கரையில் போகும் பாதையும் ஏறக்குறைய சமதளம், முழங்கால் வலி உள்ளவர்களும் நடக்கலாம். ஓரிடத்தில் தண்ணீரில் சுழலும் ஒரு சின்ன மரச் சக்கரம். சுழலும்போது ஒரு மரச் சுத்தியலைத் தூக்கிப் பலகையில் தட்டுகிறது. டொக், டொக் என்று சத்தம் கேட்கும் வரை தண்ணீர் ஓடுகிறது, சத்தம் நின்றால் எங்கோ உடைப்பு, அல்லது அடைப்பு. வாய்க்கால் காவலாளி படுக்கையிலிருந்தே தெரிந்துகொள்வார். தண்ணீரில் யாருக்கு எத்தனை மணி நேரம் உரிமை என்பதை மரக்கட்டைகளில் வெட்டுக்குறி போட்டு வைத்திருந்தார்கள் என்று நான் விளக்கியதும் அம்மா கேட்டார், "இங்கேயும் முறைத்தண்ணிதானாடா? அப்ப தண்ணி திருப்பிவிடுற நீர்க்கட்டிக்குக் கூலி யாரு குடுப்பா, நெல்லா குடுப்பாங்களா, காசா?" இன்டர்லேக்கனில் ஏரியையும் மலையையும் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தவர், அந்த வாய்க்கால் ஓரம் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பள்ளத்தாக்குக்கு மேலே டோர்பல் என்று ஒரு கிராமம். அங்கே 1517ல் எழுதிய ஒரு விதி உண்டு. குளிர்காலத்தில் உன் சொந்தத் தீவனத்தில் எத்தனை மாட்டை வளர்க்க முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். மீறினால் அபராதம். பணக்காரன் வெளியிலிருந்து மாடு வாங்கி வந்து பொதுப்புல்லை மேய்த்துத் தீர்க்க முடியாது. ராபர்ட் நெட்டிங் என்ற மானுடவியலாளர் அந்த ஊரை ஆராய்ந்தார், எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அறிஞர் அதை ஒரு முக்கிய உதாரணமாக எடுத்துக்கொண்டார். பொதுச் சொத்து என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்ற வாதத்துக்கு எதிராக, மக்கள் தாங்களே விதி போட்டுக் காப்பாற்றவும் செய்கிறார்கள் என்று காட்டியதற்காக ஆஸ்ட்ரமுக்கு 2009ல் பொருளாதார நோபல் கிடைத்தது. நீங்கள் சினிமாவில் பார்த்த அந்தப் பச்சைப் புல்வெளி அப்படியே முளைத்துக் கிடந்த இயற்கை என்று நினைக்காதீர்கள். ஐந்நூறு வருடமாக மாட்டை எண்ணிக் கணக்கு வைத்தவர்கள் பராமரித்தது. மேய்ச்சலை நிறுத்தினால் சில பத்தாண்டுகளில் பாதி புதராகிவிடும்.

இன்னொன்று சொல்ல மறந்துவிடுவேன். அந்த நாட்டின் அரசியல் சட்டத்தில் நடைபாதைகளுக்கு என்றே ஒரு பிரிவு இருக்கிறது, 1979ல் மக்கள் வாக்களித்துச் சேர்த்தது. நாடு முழுக்க ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் நடைபாதைக்கு மஞ்சள் பலகைகள் வைத்துப் பராமரிக்கிறார்கள். பலகையில் தூரம் போட மாட்டார்கள், நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்றுதான் எழுதியிருக்கும். மலையில் தூரத்தைத் தெரிந்துகொண்டு என்ன செய்ய?

இதுவரை சொன்னதில் உறுதியானதையும் என் ஊகத்தையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். அட்டவணை எப்படி வேலை செய்கிறது, டோர்பல் விதி, வாக்கெடுப்புகள் எல்லாம் ஆவணத்தில் இருப்பவை. 'மேய்ச்சலையும் தண்ணீரையும் பங்கு போட்டுப் பழகிய ஊர்க்காரர்கள்தான் பிறகு ரயிலையும் அப்படிக் கட்டினார்கள்' என்று நான் விருந்துகளில் அளப்பது உண்டு. கேட்க நன்றாக இருக்கும், நிரூபிக்க வழியில்லை. 'அவர்களிடம் பணம் இருக்கிறது, செய்கிறார்கள்' என்பது எதிர்வாதம். அதில் பாதி உண்மை. மலைக் கணவாய்க்கு மணிக்கொரு பஸ் விட மானியம் கொடுக்கும் வசதி எல்லா நாட்டுக்கும் கிடையாது. ஆனால் ஒரே நேரத்தில் வண்டிகளைச் சந்திக்க வைப்பதற்குப் பணத்தைவிடப் பிடிவாதம்தான் அதிகம் வேண்டும். இதை மட்டும் தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன்.

பிரியம் என்பதற்காகக் குறைகளை மறைத்தால் உங்கள் கிண்டல் சரி என்றாகிவிடும். ரயிலுக்கும் நடைபாதைக்கும் ரோமன்ஷுக்கும் வாக்களித்த அதே மக்கள்தான் பெண்களுக்கு வாக்குரிமையை 1971 வரை கொடுக்காமல் வைத்திருந்தார்கள். ஏனென்றால் அதை முடிவு செய்ய ஆண்கள் மட்டும் வாக்களித்தார்கள். அப்பன்செல் இன்னர்ரோடன் என்ற சின்ன மாநிலத்தில் மாநில விஷயங்களில் பெண்கள் வாக்களிக்க 1990ல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. 2009ல் புதிய மசூதிக் கோபுரங்கள் கட்டக் கூடாது என்று 57.5 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். பெரிய சுரங்கங்களைத் தோண்டியவர்கள் பெரும்பாலும் இத்தாலியர்கள். கோட்ஹார்ட் மலையின் முதல் ரயில் சுரங்கம் 15 கிலோமீட்டர், 1882ல் திறந்தது. அதற்கு முன் 1875ல் கோஷெனன் ஊரில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து நான்கு பேர் இறந்தார்கள். இருபதாம் நூற்றாண்டிலும் பருவகாலத் தொழிலாளர் என்று ஒரு வகை வைத்து, குடும்பத்தைக் கூட்டி வரக் கூடாது என்றார்கள். பிள்ளைகளை வீட்டுக்குள் ஒளித்து வைத்து, சத்தம் போடாதே என்று சொல்லி வளர்த்த பெற்றோர் அங்கே இருந்தார்கள். அந்த முறை 2002ல்தான் முழுதாக ஒழிந்தது. அந்த 57 கிலோமீட்டர் புதிய கோட்ஹார்ட் சுரங்கத்தை இருபது நிமிடத்தில் கடக்கும்போது நான் நினைப்பது பொறியியலை மட்டும் இல்லை.

ஈழத்தமிழர்கள் வந்து சேர்ந்த கதையும் இந்த வரிசையில் வருவதுதான். 1983க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது ஹோட்டல் சமையலறை வேலை. ஆரம்பத்தில் அவர்களைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள், திருப்பி அனுப்பவும் பேச்சு நடந்தது. இன்று ஏறத்தாழ 50,000 தமிழர்கள் அங்கே இருக்கிறார்கள். பெர்னில் ஓய்ரோபாபிளாட்ஸ் என்ற இடத்தில் 2014ல் 'மதங்களின் இல்லம்' திறந்தார்கள். ஒரே கட்டடத்துக்குள் மசூதி, தேவாலயம், பௌத்த விகாரை, அவற்றோடு தமிழில் வழிபாடு நடக்கும் ஒரு சிவன் கோயில். பெர்னிலிருந்து திரும்பும் ரயிலில் ஒருமுறை நான் தமிழ் வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். டிக்கெட் பரிசோதகர், முப்பது வயது இருக்கும், என் டிக்கெட்டை ஸ்கேன் செய்துவிட்டு ஜெர்மனில் நன்றி சொன்னார். அட்டையைப் பார்த்ததும் குரல் மாறியது. "இந்தியாவோ அண்ணை?" என்றார். தஞ்சாவூர் என்றேன். "அப்பா நெடுகக் கதைக்கிறவர், தஞ்சாவூர்க் கோயில் பாக்கோணும் எண்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். நான் கால அட்டவணை போடுகிறவன் என்று அவரிடம் சொல்ல நேரமில்லை, ரயில் ஓல்டன் வந்துவிட்டது, சரியான நேரத்துக்கு.

கடைசி ஊர் வரை போய்ச் சேர வேண்டும் என்ற அவர்கள் பிடிவாதத்தைப் பற்றித்தான் இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருக்கிறேன். அதற்கு இப்போது மலையே சோதனை வைக்கிறது. லோட்ஷன்டால் என்ற பள்ளத்தாக்குக்குக் குளிர்காலத்தில் போயிருக்கிறேன். பிப்ரவரியில் மர முகமூடியும் ஆட்டுத்தோலும் மாட்டிக்கொண்டு இளைஞர்கள் தெருவில் வருகிறவர்களைத் துரத்தும் ஒரு வழக்கம் அங்கே உண்டு, பனியால் முகத்தில் தேய்த்துவிடுவார்கள், எனக்கும் கிடைத்தது. அந்தப் பள்ளத்தாக்கின் மேல் ஊர் பிளாட்டன். வெயிலில் கறுத்த மர வீடுகள், சுமார் 300 பேர். 2025 மே 19 அன்று மலைச்சரிவு ஆபத்து என்று அத்தனை பேரையும், ஆடு மாடுகளையும் வெளியேற்றினார்கள். மே 28 அன்று பாறைகளின் பாரத்தோடு பிர்ஷ் பனிப்பாறை சரிந்து விழுந்து ஊரின் பெரும்பகுதியை மூடியது. லோன்ட்ஸா ஆறு அடைபட்டு, மிச்சமிருந்த வீடுகளிலும் தண்ணீர் புகுந்தது. ஊருக்கு வெளியே இருந்த ஒருவர் இறந்தார். ஊரின் பெரும்பகுதி மண்ணுக்குள் போயும் பலி அதோடு நின்றது கண்காணிப்பால்தான். அது தற்செயல் இல்லை.

அந்த ஒரு சரிவுக்குப் பருவநிலை மாற்றம்தான் நேரடிக் காரணம் என்று அடித்துச் சொல்வது சரியாகாது. பாறைச் சரிவுகளுக்குப் பல காரணங்கள் சேரும். ஆனால் 2022, 2023 என்ற இரண்டே வருடங்களில் சுவிஸ் பனிப்பாறைகள் தங்கள் மொத்தக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன என்பது அளந்து பார்த்த கணக்கு. ஊரைத் திரும்பக் கட்டுவோம் என்று பிளாட்டன்காரர்கள் சொன்னார்கள். இவ்வளவு செலவு செய்து எல்லாப் பள்ளத்தாக்கிலும் ஆட்களைக் குடியமர்த்தி வைக்கத்தான் வேண்டுமா என்று சமவெளி நகரங்களில் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். கணக்குப் போடுகிறவனாகப் பார்த்தால் அந்தக் கேள்வியை முட்டாள்தனம் என்று தள்ள முடியாது. பயணிகள் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் ஓஃபன் கணவாய் பஸ்ஸையும் நிறுத்திவிடலாம். ஆனால் எனக்கு அந்த நாட்டின் மேல் வந்த பிரியம் அந்தக் கணக்கை அப்படி மட்டும் போடாததால் வந்தது. நாளைக்கு அவர்களும் அப்படியே போட ஆரம்பித்தால், மலை அங்கேயேதான் இருக்கும், நான் போவது குறைந்துவிடும்.

சரி, மூன்று நாள். கோடையிலோ செப்டம்பரிலோ போங்கள், அக்டோபருக்குப் பிறகு வாய்க்கால்களில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். யுங்ஃப்ராயோக் என்ற உயர்மலை ரயில் நிலையத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 3,454 மீட்டர் உயரத்துக்கு 1912லேயே ரயில் விட்டவர்கள், பார்க்க வேண்டியதுதான். ஆனால் கோடையில் இன்டர்லேக்கனிலிருந்து போய்வர முழுக் கட்டணம் 200 பிராங்கைத் தாண்டும், மேகம் மூடினால் அந்தப் பணத்துக்கு வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான். எனக்கு மூன்று நாள் கிடைத்தால் முதல் நாள் பாசல் வழியாக பெர்ன் போவேன், மதங்களின் இல்லத்தில் கோயிலைப் பார்த்துவிட்டு, மாலையில் அவுசர்பெர்க் போகும் ரயிலைப் பிடிப்பேன். வேக ரயில் 2007ல் திறந்த அடிவாரச் சுரங்கத்துக்குள் புகுந்துவிடும், ஒன்றும் தெரியாது. கண்டர்ஷ்டெக், கோப்பன்ஷ்டைன் வழியாக மலையேறிப் போகும் மெதுவான ரயிலைக் கேட்டு ஏறுங்கள். இரண்டாம் நாள் ஹோட்டன் நிலையத்திலிருந்து அவுசர்பெர்க் வரை நடக்கலாம், கீழே ரோன் பள்ளத்தாக்கு கூடவே வரும், நிதானமாக நடந்தால் அரை நாள். பாதையில் ஏற்ற இறக்கமும், ஓரிரு இடத்தில் கீழே பார்த்தால் தலைசுற்றும் சரிவும் உண்டு. பயம் இருந்தால் அவுசர்பெர்க் பக்கத்து வாய்க்கால் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் ஸ்டால்டனிலிருந்து மஞ்சள் பஸ்ஸில் டோர்பல். அங்கே டிக்கெட் வாங்கிப் பார்க்க எதுவும் இல்லை, மரக் களஞ்சியங்களுக்கு நடுவே சுற்றிவிட்டு வாருங்கள்.

செலவுக்கு இரண்டு வழி. அரைக் கட்டண அட்டை வாங்கினால் ரயில், பஸ் பெரும்பாலும் பாதி விலை, சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஒரு மாதத்துக்கும் கிடைக்கும். சாப்பாட்டுக்கு ஹோட்டலை நம்பாமல் சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டியும் சீஸும் பழமும் வாங்கிக்கொள்ளுங்கள், ஊர் நடுவே இருக்கும் நீரூற்றுகளில் குடிக்கக் கூடாது என்று பலகை இல்லாவிட்டால் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை கிராமத்துக் கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலையே வாங்கி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் கீழே பிரிக் என்ற ஊரின் ரயில் நிலையக் கடை வரை இறங்கி வர வேண்டியிருக்கும்.